தொட்டி நிறையணும்னா ஏரி நிறையணும்!

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ புது ஆளாக இறங்கி, ஒரு வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். கதவு எண்ணை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். ‘‘அதோ வாட்டர் டேங்க் தெரியுதா? அங்கே போய் லெஃப்ட்ல திரும்புங்க!’’ என்பார்கள். அந்தக் காலத்தில் கோபுரம் செய்த வேலையை, இன்று பேட்டைக்குப் பேட்டை தண்ணீர்த் தொட்டி செய்கிறது!

இந்த உயரம் அழகுக்காக அல்ல. 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர், கீழே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடையோடு அழுத்தும். மோட்டார் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும்... கரன்ட் போனாலும் தெருக்குழாயில் தண்ணீர் வரும்.

கல்கத்தாவின் டாலா தொட்டி 1911-லேயே வேலையை ஆரம்பித்துவிட்டது. 110 அடி உயரத்தில் 90 லட்சம் காலன் தண்ணீர்! சென்னைக்கு 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவானது 1971-ல். அதன்பிறகு சின்னச் சின்ன ஊர்களிலும் கான்க்ரீட் தொட்டிகள் கால் ஊன்றின.

சரி, அதற்கு முன்னால் ஊருக்கு எது அடையாளம்? அதுவும் தண்ணீர்தான். ஆனால், தரையில் கிடந்த தண்ணீர்! சிறுபாணாற்றுப்படையின் நாயகன் நல்லியக்கோடனுடைய கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள்தான் இருக்கிறது. ‘கிடங்கு’ என்றால் பழந்தமிழில் அகழி. சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஊர்ப் பெயர்கள் ஏரி, ஏந்தல், குளம் என்று முடிகின்றன, எண்ணிப் பாருங்கள்.

தொட்டி வந்ததும் அண்ணாந்து பார்க்கப் பழகிவிட்டோம். காலடியில் இருந்த ஏரி மறந்துபோனது. விழுப்புரம் புதிய பஸ் ஸ்டாண்ட் நிற்பதே ஒரு காலத்து ஏரிப் பகுதியில்தான். 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்த பஸ் ஸ்டாண்டுக்குள் வெள்ளம் புகுந்தது. நாம்தான் மறந்தோம்... தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறக்கவில்லை!

ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள். தொட்டி தண்ணீரைத் தேக்கித் தருமே தவிர, ஒரு சொட்டுகூட உற்பத்தி செய்யாது. ஏரி நிறைந்தால்தான் நிலத்தடி ஊறும். நிலத்தடி ஊறினால்தான் போர்வெல் பேசும். போர்வெல் பேசினால்தான் தொட்டி நிறையும். இல்லாவிட்டால், வழி சொல்ல மட்டும்தான் அந்தத் தொட்டி உதவும்!