நாகப்பட்டினம் தன்னார்வ நிறுவன ஒருங்கிணைப்பு மையம்

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நிவாரண, மறுவாழ்வுப் பணிகளுக்கு வந்த தொண்டு நிறுவனங்களையும் மாவட்ட நிர்வாகத்தையும் இணைக்க எழுந்த அமைப்பு. சுருக்கமாக என்.சி.ஆர்.சி.

2004 டிசம்பர் 26 அன்று இம்மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் இறந்தனர். இந்தியாவில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. உதவிக்குக் குறைவில்லை, அது போய்ச் சேர்ந்த விதத்தில்தான் கோளாறு. சாலையோர ஊருக்கு இரண்டு மூன்று முறை அரிசி வந்தது, உள்ளடங்கிய ஊருக்கு ஒன்றும் வரவில்லை. லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணிகளை மீனவர்கள் தொடவில்லை. அவை சாலையோரம் குவிந்து கிடந்தன. மீனவப் பெண்களிடையே பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த ‘ஸ்நேகா’ தொண்டு நிறுவனமும், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்கையெடுத்து, சில நாட்களிலேயே ஆட்சியர் அலுவலகத்தையொட்டி ஒருங்கிணைப்பு வேலையைத் தொடங்கின. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டுவதே முதல் பணி. பின்னர் அரசாணைகளை ஊர்களுக்கும் ஊர்களின் குறைகளை அதிகாரிகளுக்கும் கொண்டுசேர்க்கக் கிராமத் தகவல் மையங்கள் வந்தன.

நியாயம் பற்றிய சிக்கல் முழுவதும் உதவி பெறுவோர் பட்டியலில் இருந்தது. மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரே கணக்கெடுத்தனர். வந்த பொருளை ஒன்றுசேர்த்து வீட்டுக்கு வீடு சமமாகப் பங்கிட்டதால் பல ஊர்களில் அடிதடி இல்லாமல் போனது. இதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பங்கு என்பது ஊருக்கு வரி கட்டும் குடும்பத்துக்கு. ஆண் துணையில்லாத கைம்பெண்ணின் வீடு அந்தக் கணக்கில் எளிதில் விட்டுப்போகும். மீன்கூடை சுமந்தும் வயற்கூலிக்குப் போயும் பிழைத்த தலித்துகள், கழிமுகத்தில் இறால் பிடித்த இருளர் ஆகியோருக்குப் படகு போகவில்லை, பிழைப்புதான் போனது. அதை எழுத இழப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லை. தலித் அமைப்புகள் இதைத் தொடர்ந்து எழுப்பின.

படகு விஷயத்தில் ஒருங்கிணைப்பு பெரும்பாலும் தோற்றது என்றே சொல்லலாம். நன்கொடையாளர் பெயரை எழுதிப் படம் எடுத்துக்கொள்ளப் படகைவிடத் தோதான பொருள் இல்லை. ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன. சில இடங்களில் கடலுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை.

வீட்டுப் பணியில் நிலை மேல். முதலில் தற்காலிகமாகப் போட்ட தார் அட்டைக் கொட்டகைகள் வெயிலில் அனலாய்க் கொதித்தன, மழையில் ஒழுகின. ஆனால் 2005 மார்ச் 30 தேதியிட்ட 172ஆம் எண் அரசாணை, நிரந்தர வீடுகளைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து கட்ட வழிவகுத்தது. வீடு ஒன்றுக்கு மதிப்பீடு சுமார் 1.5 லட்சம் ரூபாய். கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமை என்ற ஏற்பாட்டை, அரசாணையின் வேறெந்தப் பகுதியையும்விட முக்கியமாகக் கருதலாம். வீடுகளுக்கு அப்பால், கடல்நீர் புகுந்து உவர் ஏறிய வயல்களில் கடற்சேற்றை அள்ளி அகற்றி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழும் வேலையில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் இயற்கை உழவர்களும் ஈடுபட்டனர்.

மையம் பின்னாளில் ‘பெட்ராக்’ என்னும் அமைப்பாக மாறி, கடலோர ஊர்களைப் பேரிடருக்குத் தயார்ப்படுத்தும் பணியில் இறங்கியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி வாழும் கூலித் தொழிலாளரின் கூரை வீடுகள் பெருமளவில் சரிந்தன. சுனாமிக் குடியிருப்புத் திட்டம் அவர்களுக்கானதாக இருந்ததில்லை.