முணுமுணுப்பில் மலர்ந்த இசை

இலக்கியத்திலே விளங்காமை குற்றமா, குணமா என்ற வாதம் பழையது. இசைத்தட்டுக் கம்பனியின் முன்னே அவ்வாதம் எழுந்தால் என்ன நடக்கும்? அதற்கு நல்லதொரு சான்று, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரிலே தோன்றிய 'ஆர்.ஈ.எம்.' என்ற றொக் இசைக்குழுவின் தொடக்க வரலாறாகும்.

பீற்றர் பக் அந்நகரின் இசைத்தட்டுக் கடையொன்றிலே வேலை பார்த்தவர். அங்கே தட்டுகள் வாங்க வந்தவர் ஓவியக்கலை மாணவரான மைக்கேல் ஸ்ரைப். இருவரின் இரசனையும் ஒத்திருந்தது, நட்பு வளர்ந்தது. மேக்கன் நகரப் பள்ளித் தோழர்களான பில் பெரியும் மைக் மில்ஸும் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து இவர்களோடு இணைந்தனர். ஸ்ரைப் பாட, பக் கிற்றார் மீட்ட, மில்ஸ் பேஸ் கிற்றாரையும் பெரி டிரம்ஸையும் ஏற்றனர். 1980 ஏப்ரல் 5ஆம் நாள், பழைய தேவாலயமொன்றிலே நடந்த பிறந்தநாள் விருந்தில் அவர்களது அரங்கேற்றம் நிகழ்ந்தது.

1981இலே 'றேடியோ ஃபிறீ யூறோப்' என்ற முதற் பாடல் சிறு தட்டாக வெளியாயிற்று. வானொலி நிலையமொன்றின் பெயரைத் தாங்கிய அப்பாடலுக்கு வாழ்வளித்தவையும் வானொலிகளே. பெரிய வர்த்தக நிலையங்கள் அன்று இத்தகைய இசைக்கு எளிதில் இடந்தருவதில்லை. மாணவர் நடத்திய பல்கலைக்கழக வானொலிகள் அதனை ஏந்திக்கொண்டன. 'கல்லூரி றொக்' என்ற பெயர் பிறந்த வழி இதுவே.

1982இலே ஐ.ஆர்.எஸ். கம்பனி இவர்களை ஒப்பந்தம் செய்து, ஐந்து பாடல்கள் கொண்ட 'குறோனிக் ரவுன்' என்ற தட்டை வெளியிட்டது. முழுநீளத் தட்டுக்கு வேளை வந்தபோதுதான் சோதனை நேர்ந்தது. கம்பனி விரும்பிய தயாரிப்பாளர், டிரம்ஸ் வாசிப்பைப் பலமுறை திரும்பச் செய்வித்தார். குழுவினரைக் கேளாமலே மின்விசைப்பலகை ஒலிகளையும் சேர்த்தார். குழுவினர் அதனை ஏற்கவில்லை. தங்கள் பழைய தோழர் மிச் ஈஸ்ரரே வேண்டும் என்றனர். கம்பனி இணங்கியது. அவரும் டொன் டிக்சனும் சேர்ந்து சார்லொற் நகரிலே ஒலிப்பதிவு செய்த 'மேர்மர்' 1983 ஏப்ரலில் வெளிவந்தது.

'மேர்மர்' என்றால் முணுமுணுப்பு. பெயருக்கேற்பப் பாடகரின் சொற்கள் இசைக்குள்ளே புதைந்து கிடந்தன. கேட்போர் தத்தம் மனத்தால் அவற்றை நிரப்பிக்கொண்டனர். 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை அவ்வாண்டின் சிறந்த தட்டாக இதனையே தெரிவுசெய்தது. மைக்கேல் ஜாக்சனின் 'திறில்லர்' உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்த காலம் அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1984இல் 'றெக்கனிங்' வந்தது. மறு ஆண்டுத் தட்டுக்காக இலண்டன் சென்றவர்கள், குளிரிலும் மழையிலும் சோர்ந்து பிரியும் நிலைவரை போயினர். ஆயினும் பிரியவில்லை. யார் எழுதினாலும் பாடலுக்கு நால்வர் பெயரும் இடுவதென்ற வழக்கம், பணத்தாலும் புகழாலும் பிளவு வராமற் காத்தது. 1986இல் தயாரிப்பாளர் டொன் கேமனின் தூண்டுதலால் ஸ்ரைப்பின் குரல் தெளிந்தது. 1987இல் 'த வண் ஐ லவ்' அமெரிக்காவின் முதற் பத்துப் பாடல்களுள் ஒன்றாயிற்று.

தெளிவு கலைக்கு வேண்டியதே. ஆனால் அது கலைஞனின் பக்குவத்தோடு வரவேண்டும். விற்பனைக்காக முதல் நாளிலேயே அதனை ஏற்றிருந்தால், 'மேர்மர்' அவ்வாண்டின் நூறு தட்டுகளுள் ஒன்றாக மறைந்திருக்கும். 2011இல் குழு கலைந்த பின்னரும் அந்த முணுமுணுப்பு கேட்கப்படுவதன் காரணம் இதுவே.