வண்டி யார் பெயரில்? சித்தூர் எல்லையில் ஒரு பெயர்மாற்ற வரலாறு

சித்தூரில் பழைய கார் வாங்க வருபவர் விலைக்கு முன்பே ஒன்றைக் கேட்பார். தமிழர் எனில், “வண்டி யார் பேர்ல இருக்கு?” தெலுங்கர் எனில், “பண்டி எவரி பேரு மீத உந்தி?” இரண்டு வினாக்களிலும் உடைமையைச் சுட்டும் சொல் கிடையாது, பெயர்தான் இருக்கிறது. பெயர், பேரு இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மொழியியல் படித்த எனக்கு இது வெறும் பேச்சு வழக்காகவே தோன்றியது, என் தாய்மாமனுக்கு அந்த அழைப்பாணை வரும்வரை.

மாமா தம் காரை வேலூர்ப் பக்கத்தவர் ஒருவருக்கு விற்றிருந்தார். பணம் முழுவதும் கைக்கு வந்தது. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயரை நிரப்பாமலே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றாமலே இன்னொருவருக்கு விற்க அந்த வெற்றிடம் உதவும். மூன்றாண்டுகள் கழித்து, விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் மாமா எதிர்மனுதாரர். வண்டி அதற்குள் இருவர் கைமாறியிருந்தது, காப்பீடு காலாவதியாகியிருந்தது. “வித்துட்டேனே!” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று தேடியதன் விளைவே இப்பதிவு.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணத்தில் உருவானது. அதற்கு மூன்றாண்டுகள் பின்னர், 1914இல், இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்பதற்கான வரையறை கவனிக்கத்தக்கது. வண்டியை வைத்திருப்பவர் சிறார் எனில் அவருடைய பாதுகாவலரும், தவணைக் கொள்முதலில் எடுத்த வண்டியெனில் அதைக் கையில் வைத்திருப்பவரும் உரிமையாளர் என்றது அது. அதாவது, வரையறையின் அச்சு கைவசம். பதிவேட்டுப் பெயர் அன்று. வண்டியும் ஒரு சரக்கே, 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி விற்பனை முடிந்தால் உரிமை மாறிவிடும், பதிவு மாற்றம் அதன் பின் வரும் கடமை மட்டுமே என்பதே அன்றைய பொதுக் கருத்து. மாமாவின் “வித்துட்டேனே” அந்தக் காலத்துக்குரிய வாதம்.

இடையில் எல்லைகளும் நகர்ந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரும் திருப்பதியும் அதனுடன் சென்றன. பட்டாஸ்கர் பரிந்துரையின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஏழாண்டுகளுக்குள் ஒரே ஊர்க்காரர் வீட்டைவிட்டு நகராமலே இருமுறை மாநிலம் மாறினார். உறவும் வணிகமும் பழைய வழியிலேயே ஓடின. ஆவணம் மட்டும் எல்லையில் நின்றது.

1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 2(30) உரிமையாளரை வண்டி யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவர் என்று வரையறுத்தது. தெருவில் கேட்கப்பட்ட கேள்வி சட்டமாகிவிட்டது எனலாம். பிரிவு 50இன்படி விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள். வேறு மாநிலத்தவருக்கு விற்றால் தடையின்மைச் சான்று தேவை. அதற்கான படிவம் 28. சித்தூரின் ஏபி 03 வண்டி வேலூரின் டிஎன் 23 பகுதிக்குப் போய் 12 மாதங்களுக்கு மேல் தங்கினால் புதிய எண்ணும் பெற வேண்டும். வரியும் அங்கே கட்ட வேண்டும். ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்கு இத்தனை தாள்கள்! நிரப்பாத படிவத்தின் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாமாவின் வழக்கை ஒத்த ஒன்றில் தீர்ப்பளித்தது. வண்டி பலர் கைமாறியிருந்தும் பதிவேட்டில் முதலாமவர் பெயரே இருந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்றது மன்றம். அடிபட்டவரையோ இறந்தவர் குடும்பத்தையோ கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலையவிட முடியாது என்பது அதன் அடிப்படை. மாமாவின் பக்கம் நின்றே படித்தேன். இருந்தும் மறுக்க இயலவில்லை.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர்கள் அல்லர். சோழர் கால நில விற்பனைக் கல்வெட்டுகளில் ‘விலையாவணம்’ தனியே, பணம் முழுவதும் பெற்றதற்கான ‘பொருள்மாவறுதி’ தனியே குறிக்கப்படும். வாங்குபவர் பெயரில்லாத ஆவணத்தை அந்தச் சபையோர் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கைவசம் என்னும் பழைய கருத்து இப்போது வேறு வாசல் வழியே திரும்பியிருக்கிறது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வணிகரிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி வழியாகத் தெரிவித்தால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் இல்லாத தரகருக்கு இது பொருந்தாது. மாமா விற்றது இவ்விதிகளுக்கு முன்பு.

வழக்கு இன்னும் நடக்கிறது. இடைப்பட்ட இருவரில் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டோம். நிரப்பாத படிவங்களின் ஒளிநகல் அவரிடம் இருக்கிறது.

சித்தூர், திருப்பதி, திருத்தணிப் பகுதி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1953க்கும் 1960க்கும் இடைப்பட்ட வண்டிப் பதிவுப் புத்தகம் எவர் வீட்டிலேனும் இருந்தால், உரிமையாளர் பெயருள்ள பக்கத்தை மறைத்துவிட்டு மற்றப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். முத்திரை எந்த மொழியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.