அவசரப் பிரிவில் இயன்மருத்துவர்: சுளுக்கா, எலும்பு முறிவா?

செம்பனைக் குலை அறுக்கும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியவர், குளியலறையில் விழுந்த பாட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் வந்த லாரி ஓட்டுநர். மருத்துவமனை அவசரச் சிகிச்சைப் பிரிவின் பச்சை மண்டலத்தில் இப்படிப்பட்டவர்களை எந்நாளும் காணலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருவோரைச் சிவப்பு, மஞ்சள் மண்டலங்களில் முதலில் கவனிக்க வேண்டியிருப்பதால், இவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது.

இத்தகைய நோயாளிகளுக்கு உதவக்கூடியவர்தான் இயன்மருத்துவர். நம் மக்கள் 'பிசியோ' என்று சொல்வது இவரைத்தான்.

ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பல அவசரப் பிரிவுகளில் தசை, மூட்டுக் காயங்களோடு வருவோரை இயன்மருத்துவரே முதலில் பரிசோதிக்கிறார். பிரிட்டனில் கூடுதல் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர்கள் தாங்களே மருந்து எழுதித்தர 2013இல் சட்டம் இடமளித்தது. சிங்கப்பூரிலும் சில மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இயன்மருத்துவர்கள் பணிபுரிகின்றனர். மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் வழக்கமாக மருத்துவரின் பரிந்துரைக்குப் பிறகே நோயாளி இயன்மருத்துவரிடம் செல்கிறார்.

என்ன செய்கிறார்?

கணுக்கால் பிசகியவரை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் எக்ஸ்ரே தேவைப்படாது. கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாகி 1992இல் வெளியான விதிமுறை இதற்கு உதவுகிறது. கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் ஓரத்திலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதி எலும்புகளுக்கும் இதே போன்ற சோதனை உண்டு.

முதுகுவலியில் இவரது வேலை இன்னும் நுட்பமானது. பெரும்பாலான முதுகுவலி தசை சார்ந்தது. படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடினால் குணமாகும். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் அடக்க முடியாமை, தொடை இடுக்கில் மரத்துப்போதல், இரு கால்களிலும் பலவீனம் ஆகியவை தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இதற்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

தலையைத் திருப்பினால் அறையே சுற்றுவதாகச் சொல்பவர்களில் சிலருக்கு, உள்காதில் உள்ள நுண்துகள்கள் இடம் மாறியதே காரணம். தலையையும் உடலையும் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் 'எப்லி' முறையால் அத்துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பலாம்.

விழுந்த முதியவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வதிலும் இயன்மருத்துவரின் கருத்து முக்கியம். எழுந்து நிற்கிறாரா, படி ஏறுகிறாரா, ஊன்றுகோல் போதுமா, நடைச்சட்டம் வேண்டுமா என்று பார்க்கிறார். மறுபடியும் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைத் தடுப்பதே நோக்கம்.

உருவிவிடும் பழக்கம்

தோட்டங்களிலும் கம்பங்களிலும் சுளுக்கு என்றால் எண்ணெய் தேய்த்து உருவிவிடுபவரைத் தேடுவது வழக்கம். எலும்பு முறிந்திருந்தால் இது பெரும் கேடு. முறிந்த எலும்பு விலகலாம். உள் இரத்தக்கசிவு கூடலாம். அடிபட்டதும் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காலை ஊன்ற முடியவில்லை என்றாலோ, உருக்குலைந்து தெரிந்தாலோ உருவ விடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், திடீரென ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவை ஏற்பட்டால் காத்திருக்க வேண்டாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழையுங்கள்.

தொழிலாளர்கள் கவனத்திற்கு

வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வரும் வழியிலோ அடிபட்டால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. முதலாளி 48 மணி நேரத்திற்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். எப்படி, எங்கே, எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை அவசரப் பிரிவில் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 'வீட்டில் விழுந்தேன் என்று சொல்' என யாராவது கேட்டுக்கொண்டால் இணங்காதீர்கள். பின்னாளில் இழப்பீடு கோரும்போது அந்தப் பதிவே எதிராக நிற்கும். எம்.சி., மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்குத் திரும்ப முடியாத அளவு காயமடைந்தவர்களுக்கு மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் உள்ளது.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எப்போது ஊன்றி நடக்கலாம்? என்ன பயிற்சி செய்ய வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும்? பிசியோ சந்திப்புத் தேதி தரப்படவில்லை என்றால் தயங்காமல் விசாரியுங்கள். வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்திவிடுபவர்களுக்கு அதே கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகும் வாய்ப்பு அதிகம்.

தனியார் மையத்துக்குச் செல்வோர், சிகிச்சையாளர் தகுதி பெற்றவர்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தில் இயன்மருத்துவமும் இடம்பெற்றுள்ளது. சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும்.