நூறு ரூபாய்க்கு மேல் குற்றம்

அம்மாவின் சீட்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு, பின்னட்டையில் வாய்ப்பாடு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. அடுத்த பக்கத்தில் சீட்டு கட்டியவர்கள், இருபது வரி. பெயர் எழுதும் வழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. ‘மாடி வீடு’, ‘இட்லிக் கடை’, ‘போஸ்ட்மேன் சம்சாரம்’, ‘டெய்லர்’ என்றுதான் இருக்கும். ‘வெற்றிலை’ மட்டும் இரண்டு தடவை வரும், அவருக்கு இரண்டு சீட்டு.

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் 1970களில் அம்மா பிடித்த ஏலச் சீட்டு அது. மாதம் நூறு ரூபாய், இருபது சீட்டு, இருபது மாதம். ஆக 2,000 ரூபாய்ச் சீட்டு. ஒவ்வோர் ஆங்கில மாதமும் ஐந்தாம் தேதி சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு எங்கள் திண்ணையில் ஏலம். முதல் மாதம் ஏலம் கிடையாது. அந்தச் சீட்டு பிடிக்கிறவருக்கு, அதாவது அம்மாவுக்கு. கமிஷன் என்று ஒரு காசு அவர் எடுத்ததில்லை. முதல் மாதம் முழுசாகக் கைக்கு வரும் 2,000 ரூபாய்தான் அவருடைய கூலி. அப்பா மளிகை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய சம்பளத்தில் அத்தனை ரூபாயைச் சேர்த்துப் பார்க்க வேறு வழி இருக்கவில்லை.

இரண்டாம் மாதத்திலிருந்து தள்ளு. பணம் அவசரமாக வேண்டியவர் ‘இருநூறு தள்ளி’ என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் ‘இருநூற்று ஐம்பது’ என்பார். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. ஒரு ஜூன் மாதக் கணக்கு நோட்டில் இப்படி இருக்கிறது: தள்ளு 620. எடுத்தவர் கைக்குப் போனது 1,380. அந்த 620-ஐ இருபதால் வகுத்தால் ஆளுக்கு 31 ரூபாய். ஆகவே அந்த மாதம் எல்லோரும் கட்டியது நூறு இல்லை, 69. கோவைப் பக்கம் இந்த 31 ரூபாயைக் கசர் என்பார்கள். கம்பெனிக்காரர்கள் டிவிடெண்ட் என்று கௌரவமாகச் சொல்வார்கள்.

நோட்டைப் புரட்டினால் தெருவின் சுக துக்கம் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் தள்ளு ஏறும். தீபாவளிக்கு முந்தைய மாதம் இன்னும் ஏறும். கடைசி இரண்டு மூன்று மாதங்களில் 40, 30 என்று இறங்கிவிடும். ‘மாடி வீடு’ எப்போதும் கடைசிச் சீட்டுதான். அவருக்கு அவசரம் என்று ஒன்று வந்ததே இல்லை. சீட்டைச் சேமிப்பு என்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். மாடி வீட்டுக்கு அது சேமிப்பு. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட 620 ரூபாய் தள்ளி எடுத்தவருக்கு அது கடன், அதுவும் விலை கூடிய கடன். அவர் தள்ளியதுதான் மாடி வீட்டுக்கு லாபம். ஆனாலும் கந்து வட்டிக்காரனிடம் போகாமல், கழுத்தில் கிடந்ததைக் கழற்றாமல், தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து தன் அவசரத்துக்குத் தானே விலை சொன்னார். அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

1980களின் தொடக்கத்தில் எனக்குப் பதிவுத்துறையில் வேலை கிடைத்தது. கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, கல்யாணப் பதிவு என்று போய்க்கொண்டிருந்தபோது சீட்டுக் கம்பெனிகளின் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. தமிழ்நாட்டில் சீட்டுகளைக் கவனிப்பது பதிவுத்துறைதான். நம் மாநிலத்துக்கென்று 1961-லேயே ஒரு சீட்டு நிதிச் சட்டம் இருந்தது. பிறகு நாடாளுமன்றம் 1982-இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் போட்டது. இங்கே அது 1984-இல் நடைமுறைக்கு வந்தது. புதுச் சட்டம் வந்த சூட்டில் எங்களுக்கெல்லாம் பிரதி கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள்.

படித்தேன். மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. நடத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சரி, சின்னச் சீட்டுக்கு விலக்கு இருக்கும் என்று கடைசி வரை புரட்டினேன். இருந்தது, 87-ஆம் பிரிவில். சீட்டுத் தொகை 100 ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்தச் சட்டம் பொருந்தாது. மாதச் சந்தா நூறு இல்லை. மொத்தச் சீட்டும் நூறு. ஒரே ஆள் இரண்டு மூன்று சீட்டு நடத்தினால் எல்லாம் சேர்த்து நூறு. இருபது பேர் சேர்ந்தால் ஆளுக்கு மாதம் 5 ரூபாய்! அன்றைக்கு எங்கள் தெருவில் 5 ரூபாய்க்குச் சீட்டு கட்டிய மனிதர் ஒருவரும் இல்லை. அதாவது, பகலெல்லாம் சீட்டுச் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டுச் சாயங்காலம் நான் திரும்பிய வீட்டில் ஒரு குற்றம் நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் தேதி என்றால் குற்றத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்ததும் நான்தான்.

அம்மாவிடம் சொன்னேன். “அப்ப பேங்க்ல போய் நம்ம தெருவுக்குக் கடன் வாங்கிக் குடுடா, நான் நிறுத்திடறேன்” என்றார். எங்கள் ஊரில் வங்கிக்குப் பஞ்சமில்லை. இன்றைய சிட்டி யூனியன் வங்கி 1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் அங்கேதான் பிறந்தது. ஆனால் இட்லிக் கடைக்கு அதன் படி கொஞ்சம் உயரம்.

சட்டம் ஏன் இப்படி மிரண்டது என்பதற்கு ஒரு கதை உண்டு. பணத்தை நம்பிக் கொடுத்து ஏமாறுவது சென்னை மாகாணத்துக்குப் பழகிய விஷயம். வெள்ளைக்காரரின் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் கதவைச் சாத்தியபோது உத்தியோகஸ்தர், விதவை, கோயில் என்று பலர் போட்டிருந்த பணம் போனது. அதன் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்தக் காயத்திலிருந்துதான் 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயற்சியில் இந்தியன் வங்கி எழுந்தது. ஆனால் அதற்கு முன்பே நம்மவர்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டிருந்தார்கள். மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் பண்டு 1872-இல் தொடங்கியது. அந்த ‘பர்மனென்ட்’ ஏன் என்று கேட்கிறீர்களா? பழைய நிதிகள் பல, சீட்டைப் போலவே, குறித்த காலம் ஓடியதும் கணக்கை முடித்துக் கலைந்துவிடும். இது கலையாது என்று சொல்லத்தான் அந்தப் பெயர். நிதியும் சீட்டும் ஒரே கருத்தின் இரண்டு கிளைகள்: உறுப்பினர் பணம் உறுப்பினருக்கே. ஒன்று கம்பெனிச் சட்டத்துக்குள் போய்ப் பெரிய மனிதனாகிவிட்டது. மற்றது திண்ணையிலேயே தங்கிவிட்டது.

தமிழர் போன இடமெல்லாம் திண்ணைச் சீட்டும் போனது. இலங்கையில் வெள்ளைக்கார அரசு 1935-இல் சீட்டுக்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் போட்டது. சிங்களவரும் அதைச் சீட்டு என்றே சொல்கிறார்கள். சிங்கப்பூர் 1971-இல் சீட்டு நிதிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு மலேசியா ஒழுங்குபடுத்தும் தொல்லையே வேண்டாமென்று ‘கூட்டு’ நிதித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நம்முடைய கூட்டுதான், ஆங்கிலச் சட்டத் தலைப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ச் சொல் ஒன்று உலகச் சட்டப் புத்தகத்தில் ஏறியதற்குப் பெருமைப்படுவதா, தடை செய்யப்பட்ட பொருளாக ஏறியதற்கு வருத்தப்படுவதா, தெரியவில்லை.

இந்தியாவில் குழப்பம் செய்தது பரிசுச் சீட்டு. மாதாமாதம் கட்டு, குலுக்கலில் பெயர் விழுந்தால் பரிசை வாங்கிக்கொண்டு போ, மேற்கொண்டு கட்ட வேண்டாம். விழாதவர்களுக்குக் கடைசியில் கட்டிய பணம் திரும்பும், பல நேரம் வட்டி இல்லாமல். அத்தனை வட்டியும் நடத்துகிறவருக்கு. இது சீட்டே இல்லை. சீட்டின் சட்டையைப் போட்டுக்கொண்ட லாட்டரி. ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு 1975-இல், இதைத் தடை செய்யுங்கள், அசல் சீட்டுக்கு ஒரே மாதிரிச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று சொன்னது. 1978-இல் தடைச் சட்டம், 1982-இல் சீட்டுச் சட்டம். இரண்டும் சரிதான். ஆனால் கம்பெனியைக் கட்டப் பின்னிய கயிற்றைத் திண்ணைக்கும் அதே அளவில் வெட்டிக் கொடுத்ததுதான் தப்பு.

கம்பெனிக்கு அந்தக் கயிறு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பதிவு பெற்ற சீட்டில் போர்மேன், அதாவது சீட்டு நடத்துகிறவர், சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பதிவாளர் பெயரில் வங்கியில் பணம் கட்ட வேண்டும், அல்லது பத்திரமோ சொத்தோ ஈடு காட்ட வேண்டும். ஒவ்வோர் ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், பதிவாளரிடமே மனுப் போடலாம். கேரளத்தில் இன்னும் கடுமையான சட்டம் 1975 முதல் இருந்தது. அதற்குத் தப்பிக்கச் சில கம்பெனிகள் சட்டம் எட்டாத ஜம்முவில் போய்ச் சீட்டைப் பதிந்துகொண்டு திருச்சூரில் வியாபாரம் பண்ணின. கடைசியில் 2012-இல் உச்ச நீதிமன்றம், மத்தியச் சட்டம் வந்த 1982-லேயே அந்த மாநிலச் சட்டம் செத்துவிட்டது என்று சொல்லி முடித்தது. செத்தது தெரிய முப்பது ஆண்டு.

டெய்லர் கதையைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது மாதம் 500 தள்ளி, 1,500 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். ஆறாம் மாதம் கடை பூட்டியிருந்தது. திருப்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்றார்கள். மீதி பதினைந்து மாதத் தவணை. அம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் டெய்லர் பெயருக்கு நேராகப் பதினைந்து மாதமும் பணம் வரவாகியிருக்கிறது. அந்த வருஷம் அம்மாவின் கையில் இரண்டு வளையல் குறைந்திருந்தது. அடுத்த சீட்டிலிருந்து, எடுக்கிறவர் இன்னொருவர் ஜாமீன் கையெழுத்தோடு புரோநோட்டு எழுதிக் கொடுத்தால்தான் பணம்.

1984-இல் சட்டப் புத்தகத்தைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இதுதான். எடுத்தவர் கட்டாவிட்டாலும் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் போர்மேன் என்கிறது சட்டம். எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பெண்பிள்ளை இரண்டையும் வளையலைக் கொடுத்துக் கற்றிருந்தார்.

அம்மா சீட்டை நிறுத்தியது 1991-இல். போலீசுக்குப் பயந்து இல்லை. தெரு மாறிவிட்டது. வெற்றிலை செத்துப்போனார், மாடி வீடு விற்றுப் பையனோடு சென்னைக்குப் போனார், புதிதாக வந்தவர்களின் பூர்வீகம் தெரியவில்லை. முகம் தெரியாதவனுக்கு நான் எப்படிப் பணம் குடுக்கிறது என்றார். என் கருத்தில் எந்த ஒழுங்குமுறை ஆணையமும் இதைவிடச் சரியான நேரத்தில் ஒரு திட்டத்தை மூடியதில்லை.

சட்டம் தெரிந்த நான் என்ன செய்தேன்? 1990களின் நடுவில், பளபளக்கும் அலுவலகமும் பேப்பர் விளம்பரமும் வைத்திருந்த ஒரு நிதி நிறுவனத்தில் 40,000 ரூபாய் போட்டேன். சீட்டு இல்லை, டெபாசிட். கம்பெனிப் பதிவு எண் ரசீதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த நாளில் தமிழ்நாட்டில் வரிசையாகச் சரிந்தவற்றில் அதுவும் ஒன்று. அந்தக் கூக்குரலில்தான் 1997-இல் மாநில அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. எனக்குத் திரும்பி வந்தது ஏழாயிரத்துச் சொச்சம், பல வருஷம் கழித்து. அம்மா கேட்டது ஒரே கேள்வி: “அவன் வீடு எங்க இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?”

மேற்கு வங்கத்தில் 2013-இல் சாரதா நிதிக் குழுமம் மூழ்கியபோது பத்திரிகைகள் எல்லாம் ‘சிட் பண்டு மோசடி’ என்று எழுதின. அதில் ஏலமும் இல்லை, சீட்டும் இல்லை. அந்தக் கெட்ட பெயரைக் கழுவத்தான் 2019 திருத்தம் ‘சகோதர நிதி’ என்ற பொருளில் புதுப் பெயர் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. போர்மேன் கமிஷனையும் 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது, தனி ஆள் நடத்தும் சீட்டின் உச்சவரம்பை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் ஆக்கியது. இவை அனுமதி பெற்று நடத்துகிறவர்களுக்கான சலுகை. என் கண் போனது 87-ஆம் பிரிவுக்கு. அந்த நூறு ரூபாய் போய்விட்டது. எத்தனை ரூபாய்ச் சீட்டு வரை விலக்கு என்பதை மாநில அரசே நிர்ணயிக்கலாம். 37 ஆண்டு கழித்து டெல்லிக்கு இட்லி விலை தெரிந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான தெருச் சீட்டை, இருபது பேருக்கு மேல் போகாமல், ஒருவர் ஒரு சீட்டுக்கு மேல் நடத்தாமல் இருந்தால், தமிழ்நாடு அரசு குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதோடு, அந்தச் சின்னச் சீட்டில் தகராறு வந்தால் பதிவாளர் கேட்டுத் தீர்க்கவும் வழி செய்ய வேண்டும். இன்று அனுமதி இல்லாத சீட்டில் ஏமாந்தவர், தானும் மாட்டுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறார். ஓடுகிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

அதுவரை, கம்பெனிச் சீட்டில் சேருகிறவர்கள் ரசீதை மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட சீட்டுக்கு முன் அனுமதி ஆணை எண் கேளுங்கள். கம்பெனிப் பதிவு எண் வேறு, இது வேறு. காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தெருச் சீட்டில் சேருகிறவர்களுக்கு அம்மாவின் கேள்விதான். வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.