பதக்கமும் பெட்டியும்: லண்டன் மின்பொறியாளர் சங்கம் தன் வரலாற்றைப் பேணிய முறை

1. ஆய்வுப் பொருள்

தொழில்நுட்பச் சங்கங்கள் தம் வரலாற்றை இரு வழிகளில் பேணுகின்றன. பதக்கம், சிலை, சிறப்பு மலர் என ஊரறியக் காட்டுவது ஒன்று. கடிதங்களையும் குறிப்பேடுகளையும் காப்பகத்தில் சேர்ப்பது மற்றொன்று. முன்னது வழக்கைத் தீர்த்துவிடுகிறது. பின்னது தீராமல் வைத்திருக்கிறது. 1871இல் தந்திப் பொறியாளர் சங்கமாகத் தோன்றி, பின் மின்பொறியாளர் கழகமாகி, 2006இல் ஐ.இ.டி. என்று பெயர் மாறிய லண்டன் அமைப்பைக் கொண்டு இதை நிறுவலாம்.

2. கொடையாக வந்த பழமை

புதிய சங்கத்துக்குப் பழமை ஏது? அது வெளியிலிருந்து வந்தது. பிரான்சிஸ் ரொனால்ட்ஸ் 1816இல் தம் ஹேமர்ஸ்மித் தோட்டத்தில் எட்டு மைல் கம்பியில் மின்தந்தி இயக்கியவர்; கடற்படைத் தலைமையகம் அது தேவையே இல்லை என்று ஒதுக்கியது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த மின்னியல் நூல்கள், 1873இல் அவர் மறைந்தபின் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. நூற்பட்டியலை அச்சிட வேண்டும் என்பது கொடையின் நிபந்தனை. 1880இல் பட்டியல் வெளிவந்தது. நூலைக் கொடுப்போர் பலர். பட்டியலையும் கேட்டு வாங்குவோர் அரியர்.

3. ஹெவிசைடு வழக்கு

தொலைபேசிக் கம்பியில் மின்தூண்டலைக் கூட்டினால் பேச்சின் சிதைவு குறையும் என்று ஆலிவர் ஹெவிசைடு கணக்கிட்டுக் காட்டினார். அண்ணன் ஆர்தருடன் சேர்ந்து 1887இல் எழுதிய கட்டுரை இந்தச் சங்கத்துக்கென்றே எழுதப்பட்டது. ஆர்தர் அஞ்சல் துறை ஊழியர். அங்கே அவருக்கு மேலதிகாரி வில்லியம் பிரீஸ். மின்தூண்டல் கெடுதல் என்பது பிரீஸின் உறுதியான கருத்து. அவர் தடுத்ததால் கட்டுரை நின்றுபோனது. பிரீஸோ 1880இல் சங்கத் தலைவராக இருந்தவர், 1893இலும் தலைவரானார்.

1922இல் கழகம் ஃபாரடே பதக்கத்தை நிறுவி, முதல் பதக்கத்தை ஹெவிசைடுக்கு அளித்தது. தலைவர் ஹைஃபீல்டே டார்க்கி நகருக்குப் போய்ச் சேர்ப்பித்தார். அப்போது பிரீஸ் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பெறுவோர் பட்டியலின் தலையில் நிற்கும் அந்தப் பெயரைப் பார்ப்பவருக்கு, கழகம் தொடக்கம் முதலே அவரைப் போற்றியது என்றுதான் தோன்றும். பொய் ஏதும் இல்லை. 1887 இல்லை, அவ்வளவுதான்.

காப்பகத்தால் இப்படிச் செய்ய முடியாது. ஹெவிசைடின் குறிப்பேடுகளும் பிரீஸின் தாள்களும் ஒரே கழகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. தடுக்கப்பட்டவரும் தடுத்தவரும் அருகருகே கிடக்கும் இந்த நிலை, எந்த விழாக் குழுவும் திட்டமிட்டு உண்டாக்கக்கூடியதன்று.

4. நூற்றாண்டு மலர்

1950இல் கழகம் ஹெவிசைடு நூற்றாண்டு மலரை வெளியிட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, பெயின்டனில் அவர் வாழ்ந்த வீட்டின் தரைப்பலகைகளுக்கு அடியிலிருந்து மேலும் தாள்கள் கிடைத்தன. மலரில் அவற்றுக்கு இடமில்லை. புதிதாக வருவதை ஏற்க அச்சான மலரால் இயலாது, காப்பகப் பெட்டியால் இயலும். காப்பகத்தில் ஹெவிசைடு தொகுப்பும் பிரீஸ் தொகுப்பும் தனித்தனி எண்களின் கீழ் உள்ளன. 1887ஐ ஆராய்பவர் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.