மாணாக்கர் எழுத்தும் செவிவழித் திருத்தமும்

நூலுக்குரிய சிதைவுகளை எண்ணுமிடத்துத் தொல்காப்பிய மரபியல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் முதலியவற்றோடு கேட்போர்க்கு இன்னாத யாப்பினையும் ஒன்றாக வைக்கின்றது. படிப்போர் என்னாது கேட்போர் என்றமை நோக்குதற்குரியது. எழுதியவனுடைய பிழையைக் காட்டுதற்குப் பண்டையோர் முதற்கண் நம்பியது கண்ணை அன்று, செவியையே என்பது இதனாற் பெறப்படும்.

நூலை அவையிற் கேட்பித்தலும் இக்கருத்துப் பற்றியே எழுந்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் முன் உரைக்கப்பெற்றதெனப் பாயிரம் கூறும். அரங்கேற்றம் பிற்காலத்துப் பெரும்பாலும் பாராட்டு விழாவாயிற்று. ஆயினும் அதன் வேர், தடை விடைகளால் நூலைச் செப்பஞ் செய்தலே எனலாம்.

இளமாணாக்கர்க்கும் இந்நெறியே பொருந்துமென்பது நன்னூலால் விளங்கும். ஆசிரியர் கூறியதை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு எய்தும். எஞ்சிய பாதி தான் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைத்தலால் வரும் என்பர் பவணந்தியார். ஆசிரியர்க்குக் காற்கூறே தந்த இப்பங்கீட்டை ஆசிரியத் தொழிலினராகிய நாம் அத்துணை விருப்பத்தோடு எடுத்துக் காட்டுவதில்லை!

இம்முறை நிலைபெற்றதற்கு எழுதுகருவியும் ஒரு காரணமாகும். ஓலையில் எழுத்தாணியாற் கீறியதை அழித்து மீண்டும் எழுதுதல் இயலாது. பிழைபட்டதை அடித்து, விடுபட்டதை இடையிற் செருகலாம், அவ்வளவே. ஆதலின் திருத்தமெல்லாம் ஓலையைத் தொடுமுன் நாவிலும் செவியிலும் முடிதல் வேண்டியிருந்தது. அன்றியும் ஏடுகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பெற்றன. ரகரமும் காலும் ஒரே வடிவின. இத்தகைய ஏட்டை வாளா பார்த்துப் பிழை காண்டல் அரிது. வாய்விட்டுப் படித்தாலன்றி எழுதியவனுக்கே தன் பிழை புலப்படாது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815-1876) காலம் வரை இந்நெறி உயிரோடிருந்தது. 1871-இல் மாயூரத்தில் அவரிடம் பாடங்கேட்கச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், பின்னர்த் தாம் எழுதிய ஆசிரியர் வரலாற்றில் இதற்குச் சான்று பல வைத்துள்ளார். பிள்ளையவர்கள் செய்யுளை மனத்தில் அமைத்து வாயாற் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். எழுதுவோனுக்கு இஃது ஏவல் மட்டுமன்று. ஒரு சொல் ஓலையேறுமுன் எவ்வாறு அமைகின்றது என்பதை அருகிருந்து காணும் பயிற்சியுமாகும். ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் செய்தல் அக்காலப் புலவரிடை வழங்கிய மற்றொரு பயிற்சி. வெண்டளை பிறழ்ந்தால் ஆசிரியர் குறியிட்டுக் காட்ட வேண்டுவதில்லை. பாடியவன் செவியே காட்டிக் கொடுத்துவிடும்.

தாளும் உரைநடையும் பள்ளியிற் புகுந்தபின் நிலை மாறிற்று. ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவி, சந்தி பிரித்தும் குறியீடுகள் இட்டும் கண்ணுக்கு எளிய உரைநடையை வளர்த்தார். 1857-இற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் எழுத்துத் தேர்வு வலுப்பெற்றது. மாணாக்கன் கட்டுரையை எழுதி முடித்துக் கொடுப்பான். ஆசிரியர் தனித்திருந்து சிவப்பு மையால் திருத்துவார். எழுதுமுன் நிகழ்ந்த திருத்தம் எழுதியபின் நிகழ்வதாயிற்று; மாணாக்கன் வாயினின்றும் ஆசிரியர் கைக்குப் போயிற்று.

இதனால் இழப்பே நேர்ந்தது என்பார் கூற்று முற்றும் ஏற்கத்தக்கதன்று. தளை தட்டுவதைச் செவி காட்டும். பத்துப் பக்கங்கட்கு முன் கூறியதற்கு இப்பொழுது கூறுவது மாறாதலை அது காட்டாது. மாறுகொளக் கூறலை நீண்ட உரைநடையிற் காணப் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டும் கண் வேண்டும். தாள் அதற்கு இடந்தந்தது, அடித்தெழுதவும் இடந்தந்தது. ஆனால் அவ்விடத்தை நிரப்புபவர் ஆசிரியராகவே இருத்தலின், மாணாக்கன் திருத்தத்தைக் கண்டு மதிப்பெண்ணைப் பார்த்துத் தாளை மடித்து வைத்துவிடுகின்றான். உடன் பயில்வார்க்கு உரிய காற்கூறும், எடுத்துரைத்தலுக்கு உரிய பாதியும் கட்டுரைப் பயிற்சியில் இடம் பெறவில்லை.

முதுகலை வகுப்புகளின் நிலையும் இதனின் வேறன்று. தான் எழுதிய ஆய்வேட்டைப் பிறர் கேட்ப மாணாக்கன் முதன்முதலாக எடுத்துரைப்பது பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு நாளில்தான். அதற்குள் ஏடு கட்டடம் செய்யப்பெற்று மேசைமேல் இருக்கின்றது.